ஆசிட் விடுவதா, கழற்றிக் கழுவுவதா, மாற்றிவிடுவதா? படகு என்ஜின் சூடேறினால் எடுக்க வேண்டிய முடிவு

படகு என்ஜினில் வெப்பமானி முள் வழக்கமான இடத்தைத் தாண்டி நிற்க ஆரம்பித்தால், பக்கத்துப் படகுக்காரர் முதல் மெக்கானிக் வரை எல்லார் வாயிலும் வருகிற மருந்து ஒன்றுதான்: "ஆசிட் விட்டு எடுங்க, சரியாயிடும்." பல நேரம் சரியாகத்தான் ஆகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆசிட் என்பது மூன்று வழிகளில் ஒன்று மட்டுமே. என்ஜினின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிக் கழுவலாம், அல்லது புதிதாக மாற்றிவிடலாம். எந்த வழி என்பதைக் கையில் இருக்கும் காசும் நேரமும் முடிவு செய்வதற்கு முன்னால், அதன் குழாய்களுக்குள் என்ன அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது முடிவு செய்ய வேண்டும். மூடியைத் திறந்து பார்க்காமல் எடுக்கிற எந்த முடிவும் என்னைக் கேட்டால் குருட்டாம்போக்குதான்.

நான் பேசுவது படகுக்குள் பொருத்தியிருக்கும் டீசல் என்ஜினைப் பற்றி. அதில் பெரும்பாலும் இரண்டு தண்ணீர் ஓடும். ஒன்று என்ஜின் பிளாக்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் கூலன்ட், அதாவது குளிர்விக்கும் திரவம். இன்னொன்று படகின் அடியிலிருந்து பம்ப் இழுத்து வரும் கடல்நீர். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்கிற உருளைக்குள் மெல்லிய குழாய்கள் கட்டாக இருக்கும். அந்தக் குழாய்களுக்கு உள்ளே கடல்நீர், வெளியே கூலன்ட். சூட்டை வாங்கிக்கொண்ட கடல்நீர் கடைசியில் எக்ஸாஸ்ட் எல்போவில் (புகை வெளியேறும் குழாயின் வளைவு) புகையோடு சேர்ந்து வெளியே போய்விடும். அடைப்பு வருவது பெரும்பாலும் இந்தக் கடல்நீர்ப் பக்கத்தில்தான்.

ஏன் வருகிறது? கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியம் கார்பனேட்டுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. சர்க்கரையோ உப்போ சூடாக்கினால் அதிகம் கரையும், இது சூடாக்கினால் குறைவாகக் கரையும். அதனால் எங்கே சூடு அதிகமோ அங்கேதான் போய் ஒட்டிக்கொள்ளும், அதாவது நமக்கு எங்கே சூடு கடக்க வேண்டுமோ சரியாக அந்தக் குழாய்ச் சுவரில். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படிகிற வெள்ளைப் படிவும் இதே சங்கதிதான். இந்தச் சுண்ணாம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன், குழாய் செய்திருக்கும் குப்ரோ-நிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்த) உலோகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே குழாய் பாதி அடைபடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, மெல்லிய படலம் ஒன்று போதும், முழு வேகத்தில் ஓட்டும்போது முள் ஏற ஆரம்பித்துவிடும்.

சரி, எக்ஸ்சேஞ்சர்தான் குற்றவாளி என்று எப்படித் தெரியும்? சூடு எப்படி வந்தது என்று யோசித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை, வேகம் கூட்டினால் சூடு ஏறுகிறது, அதுவும் சில மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக என்றால் படிவின் மேல் சந்தேகப்படலாம். நேற்றுவரை நன்றாக ஓடி இன்று திடீரென்று என்றால் படிவு இல்லை. படிவு ஒரே நாளில் சேராது. உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும், ஸ்ட்ரைனரில், அதாவது கடல்நீர் வடிகட்டியில், பாசி நிரம்பியிருக்கும், பெல்ட் வழுக்கும், அல்லது பம்ப்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர் பிய்ந்திருக்கும். எக்ஸாஸ்ட் வழியாக வரும் தண்ணீர் குறைந்து, வெள்ளை ஆவியாக வர ஆரம்பித்தால் நீரோட்டம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். படகின் அடியிலும் புரொப்பல்லரிலும் சிப்பி ஒட்டியிருந்தால்கூட என்ஜின் திணறிச் சூடாகும், அதற்கு ஆசிட்டை என்ஜினுக்குள் விட்டு என்ன பயன்?

இம்பெல்லரைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் அது ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் கருகலாம். பிய்ந்த இம்பெல்லரை மாற்றுவதோடு வேலை முடியவில்லை. பழைய இம்பெல்லரை மேசைமேல் வைத்து, பிய்ந்த துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, எத்தனை இதழ் காணோம் என்று எண்ணுங்கள். காணாமல் போன ஒவ்வொன்றும் நீர்ப்பாதையில் எங்கேயோ குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் கூலர் இருக்கும் என்ஜின்களில் பெரும்பாலும் தண்ணீர் முதலில் அதற்குள்தான் போகும், ஆகவே முதலில் தேட வேண்டிய இடம் அது. அங்கே இல்லையென்றால் எக்ஸ்சேஞ்சரின் நுழைவாய்.

இப்போது மூடி. கடல்நீர் வால்வை மூடி, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு எக்ஸ்சேஞ்சரின் ஒரு பக்க மூடியைக் கழற்றினால் குழாய்களின் வாய்கள் வரிசையாகத் தெரியும். சில வகைகளில் மூடிக்குப் பதில் ரப்பர் தொப்பியும் கிளாம்ப்பும் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் வாய்களைச் சுற்றி வெள்ளையாகவோ சாம்பலாகவோ ஓடு கட்டியிருந்தால் அது சுண்ணாம்பு, ஆசிட்டுக்குக் கரையும். கறுப்பு ரப்பர் துண்டு, பாசி நார், சிப்பித் துகள், உடைந்த துத்தநாகக் கட்டி (மற்ற உலோகங்கள் அரிக்காமலிருக்கத் தான் கரைந்துபோவதற்கென்றே எக்ஸ்சேஞ்சரில் திருகி வைத்திருப்பது) இதெல்லாம் கிடந்தால் அது வேறு கதை. ரப்பருக்கும் பாசிக்கும் ஆசிட் ஒன்றும் செய்யாது, கையால்தான் எடுக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வரும்: குழாய்களைத் தாங்கும் தட்டிலோ மூடியிலோ பித்தளையின் மஞ்சள் போய் இளஞ்சிவப்பாகச் செம்பு நிறம் தட்டியிருப்பது. பித்தளையில் கலந்திருந்த துத்தநாகம் அரித்துப் போய் வெறும் செம்புச் சக்கைதான் மிச்சம் என்று அதற்குப் பொருள். ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகச் சுரண்டினால் பொடியாக உதிரும்.

பார்த்தாயிற்று. இனி வழிகள்.

கழற்றாமல் ஆசிட் சுற்றவிடுவது எளிது, வேகமானது, வெள்ளைப் படிவு மட்டும் இருந்தால் நல்ல பலன் தரும். ஒரு வாளி, ஒரு சின்ன பில்ஜ் பம்ப் (படகின் அடியில் தேங்கும் நீரை இறைப்பது), இரண்டு ஹோஸ் இருந்தால் போதும். வாளியிலிருந்து பம்ப் வழியாக எக்ஸ்சேஞ்சருக்குள், அங்கிருந்து திரும்ப வாளிக்கு. நீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராக விட்டால் இன்னும் நல்லது, நுழைவாயில் சிக்கிய துகள்கள் வந்த வழியே வெளியேறும்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது, அதை நிதானமாகப் படியுங்கள். எக்ஸ்சேஞ்சரிலிருந்து எல்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, அதைத்தான் வாளிக்குக் கொண்டுவர வேண்டும். அதைக் கழற்றாமல் எல்லாம் எக்ஸாஸ்ட் வழியே போய்விடும் என்று பம்ப்பைப் போட்டால், என்ஜின் ஓடாத நிலையில் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளப் புகையின் அழுத்தம் இல்லை. சைலன்சர் நிரம்பும், பிறகு சிலிண்டர்களிலிருந்து புகையை வாங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நிரம்பும், பிறகு திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் ஆசிட் தண்ணீர். சூடேறுகிற என்ஜினைச் சரிசெய்யப் போய், சுற்றாத என்ஜினோடு நிற்க வேண்டியதுதான். என்ஜினை நிறுத்திவைத்துக்கொண்டு நல்ல தண்ணீர் ஹோஸைத் திறந்து அலசுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு குழாயைத் திறந்து, என்ஜினை நிறுத்துவதற்கு முன் குழாயை மூட வேண்டும். அதைவிடவும் வாளியில் தண்ணீர் நிரப்பி, என்ஜினின் பம்ப்பே தேவையானதை உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று விடுவது பாதுகாப்பு.

எந்த ஆசிட்? இதற்குள்ளேயே ஒரு குட்டி ஒப்பீடு இருக்கிறது. சமையல் வினிகரில் 5 சதவீதம் அளவுக்குத்தான் அசிட்டிக் அமிலம், சாதுவானது, எந்த உலோகத்தையும் அவசரமாகக் கடிக்காது, ஆனால் தடித்த படிவுக்கு ஓர் இரவு முழுக்க ஊறவைத்தாலும் பாதிதான் போகும். சிட்ரிக் அமிலம் அதைவிட ஒரு படி மேல், பொடியாகக் கிடைப்பதால் வேண்டிய அளவுக்குக் கரைத்துக்கொள்ளலாம், வெதுவெதுப்பான நீரில் வேலை வேகமாக நடக்கும். பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து இதற்கென்றே விற்கிற திரவங்கள் வேகத்துக்கும் உலோகத்தின் பாதுகாப்புக்கும் நடுவில் நல்ல சமரசம், பொறுமை இல்லாதவர்களுக்கு என் பரிந்துரை அதுதான். ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதாவது தரை கழுவும் ஆசிட், நிமிடங்களில் சுண்ணாம்பைக் கரைத்துவிடும், அதே சுறுசுறுப்போடு அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் தின்னும், அதிலிருக்கும் குளோரைடு துருப்பிடிக்காத எஃகில்கூடப் புள்ளிப் புள்ளியாகக் குழி பறிக்கும். சில என்ஜின்களில் எக்ஸ்சேஞ்சரின் உடம்பே அலுமினியம். அது எந்த உலோகம் என்று உறுதியாகத் தெரியாதவர் அந்த பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

எந்த அமிலமானாலும் முதலில் துத்தநாகக் கட்டியைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையை வெறும் பிளக்கால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அமிலத்தின் பலம் முழுக்க அதைக் கரைப்பதிலேயே செலவாகும். கடல்நீர் பம்ப்பையும் இந்தச் சுற்றிலிருந்து விலக்கி வையுங்கள். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை அமிலத்தில் அல்ல. கண்ணாடி, கையுறை, காற்றோட்டம் எல்லாம் சொல்லாமலே தெரியும். பிளீச்சிங் திரவம் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

திரும்பி வரும் ஹோஸின் வாயைக் கவனியுங்கள். தொடக்கத்தில் நுரை பொங்கிக்கொண்டு வரும், அது கார்பன் டை ஆக்சைடு, சுண்ணாம்பு கரைகிறது என்பதற்குச் சாட்சி. நுரை நின்றால் இரண்டில் ஒன்று: சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது, அல்லது அமிலம் தீர்ந்துவிட்டது. எது என்று தெரிந்துகொள்ள வாளியில் இருப்பதில் கொஞ்சம் எடுத்து ஒரு சிப்பி ஓட்டின் மேலோ சமையல் சோடாவின் மேலோ ஊற்றுங்கள். பொங்கினால் அமிலத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது, ஆகவே அது ஓடிய குழாய்கள் சுத்தம். பொங்காவிட்டால் புதிதாகக் கலந்து மறுபடி விட வேண்டும். முடிந்ததும் சோடா கரைத்த நீரால் ஒருமுறை, நல்ல தண்ணீரால் பலமுறை அலசுங்கள். வாளியில் மிஞ்சியதில் செம்பு கரைந்திருக்கும், சோடா போட்டு அமிலத்தை முறித்தாலும் அதைக் கடலில் கொட்டாதீர்கள், ரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

இந்த வழியின் குறை இரண்டு. திரவம் எப்போதும் திறந்திருக்கும் வழியில்தான் ஓடும். குழாய்க் கட்டில் பாதி முழுக்க அடைபட்டிருந்தால், அமிலம் ஏற்கெனவே நன்றாக இருக்கும் குழாய்களை மேலும் பளபளப்பாக்கிவிட்டு வெளியே வந்துவிடும், அடைபட்டது அடைபட்டபடியே இருக்கும். ஆசிட் விட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி சூடேறுகிறது என்று புலம்புகிறவர்களில் பலரின் கதை இதுதான். இரண்டாவது குறை, கூலன்ட் பக்கத்தை இது தொடவே தொடாது. கூலன்ட்டை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல், கிணற்று நீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றி ஓட்டிய என்ஜினில் குழாய்களின் வெளிப்புறமும் துருச்சேறு பூசிக்கொண்டிருக்கும்.

அப்புறம் ஆசிட் விட்ட பிறகு கூலன்ட் குறைய ஆரம்பித்தது, ஆசிட்தான் குழாயை ஓட்டை போட்டுவிட்டது என்று ஒரு புகார் வரும். ஓட்டை பெரும்பாலும் முன்பே இருந்திருக்கும். அதை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தச் சுண்ணாம்புதான்.

கழற்றிக் கழுவுவது இந்த எல்லாக் குறைகளுக்கும் பதில், ஆனால் பாதி நாளாவது போகும். கூலன்ட்டை வடித்து, இரண்டு மூடிகளையும் எடுத்து, குழாய்க் கட்டை உருளையிலிருந்து உருவ வேண்டும். உருவுவதற்கு முன் கட்டின் தட்டிலும் உருளையிலும் நேருக்கு நேர் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சில என்ஜின்களில் கட்டு குறிப்பிட்ட கோணத்தில் உட்கார்ந்தால்தான் கூலன்ட் வாய்களும் உள் தடுப்புகளும் பொருந்தும், திருப்பி மாட்டினால் சுத்தமான எக்ஸ்சேஞ்சரோடு சூடேறும் என்ஜின் கிடைக்கும். கட்டு வர மறுத்தால் சுத்தியலால் தட்டின் மேல் அடிக்காதீர்கள், மரக்கட்டை வைத்து மறுபக்கத்திலிருந்து மெல்லத் தட்டுங்கள். வெளியே வந்ததும் ஒவ்வொரு குழாயிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, மரக்குச்சியை விட்டுத் தள்ளுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், குழாய்ச் சுவர் அவ்வளவு மெல்லியது. பிறகு பிளாஸ்டிக் தொட்டியில் அமிலத்தில் ஊறவைத்தால் உள்ளும் புறமும் ஒரே நேரத்தில் சுத்தமாகும். பட்டறையில் கொடுத்தால் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு எடுப்பார்கள், கைக்கு எட்டாத இடுக்குச் சேறும் போய்விடும்.

ஆனால் கழற்றுவதன் பெரிய லாபம் சுத்தம் இல்லை, சோதனை. வெளியே எடுத்த எக்ஸ்சேஞ்சரை மட்டும்தான் ஒழுங்காகச் சோதிக்க முடியும். கூலன்ட் பக்க வாய்களை அடைத்து, ரேடியேட்டர் மூடியில் (கூலன்ட் ஊற்றும் வாயின் மூடி) எழுதியிருக்கும் அழுத்தம் அளவுக்குக் காற்று கொடுத்து, தண்ணீரில் முக்கினால் எந்தக் குழாய் கசிகிறதோ அதன் வாயில் குமிழி வரும். கூலன்ட் குறைகிறது, வெளியே எங்கும் ஒழுகல் தெரியவில்லை என்றால் நேராக இந்த வழிக்கு வாருங்கள். ஓடும்போது கூலன்ட் பக்கம் அழுத்தம் அதிகம், அதனால் கூலன்ட் கடலுக்குப் போகும். என்ஜின் ஆறிய பிறகு அந்த அழுத்தம் போய்விடும், அப்போது கடல்நீர் கூலன்ட்டுக்குள் நுழைய வழி கிடைக்கிறது. அப்படி நுழைந்த உப்பு பிளாக்கை உள்ளிருந்து அரிக்கும், எக்ஸ்சேஞ்சரைவிட அது பல மடங்கு பெரிய செலவு.

இந்த வழிக்கும் தொந்தரவு உண்டு. மூடியைப் பிடித்திருக்கும் பழைய ஸ்டட்கள் (திருகாணிகள்) உடையும், ஓ-ரிங்கும் கேஸ்கெட்டும் புதிதாகவே போட வேண்டும் (பழையதை மறுபடி மாட்டுவது மறுபடி கழற்றுவதற்குச் சமம்), சில எக்ஸ்சேஞ்சர்களில் கட்டை உருவவே முடியாதபடி ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள், அப்போது முழு உருளையையும் கழற்றி ஊறவைப்பது தவிர வழியில்லை.

மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு குழாய்கள் மட்டும் கசிந்தால் இரு முனையிலும் அடைத்துவிட்டு ஓட்டலாம், குளிர்விக்கும் திறன் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பல குழாய்கள் கசிந்தாலோ அந்த இளஞ்சிவப்பு நிறம் தட்டில் பரவியிருந்தாலோ கழுவுவது வீண். கட்டு மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்குங்கள், உருளை நன்றாக இருக்கும்போது முழுதும் எதற்கு? நகல் பாகம் வாங்குவதானால் குழாய்களின் எண்ணிக்கையையும் உலோகத்தையும் பாருங்கள், குப்ரோ-நிக்கலுக்குப் பதில் வெறும் பித்தளைக் குழாய் போட்டது கடல்நீரில் நீண்ட நாள் நிற்காது. பழையது ஏன் அரித்தது என்று கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டுவதிலும் அர்த்தமில்லை. துத்தநாகக் கட்டி காணாமலே போயிருந்ததா? பாதி கரைந்ததும் மாற்ற வேண்டியது அது. வழக்கத்தைவிட வேகமாகக் கரைகிறதென்றால் எங்கோ மின்கசிவு இருக்கலாம், அதைத் தேடுங்கள்.

என் தேர்வு என்னவென்று கேட்டால்: படகின் வரலாறு உங்களுக்குத் தெரியும், துத்தநாகம் ஒழுங்காக மாற்றியிருக்கிறீர்கள், கூலன்ட் அளவு இறங்கவில்லை, மூடிக்குள் வெள்ளைப் படிவு மட்டும்தான் என்றால் கழற்றாமல் ஆசிட் விடுங்கள், தாராளமாக. பழைய படகை வாங்கியிருக்கிறீர்கள், முந்தையவர் என்ன செய்தார் என்று தெரியாது என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுங்கள். அந்த ஒருமுறை கழற்றிச் சோதித்துவிட்டால், அதன் பிறகு வருகிற ஆண்டுகளில் ஆசிட்டை நம்பி விடலாம்.

கூலன்ட் சுற்றே இல்லாமல் கடல்நீரையே பிளாக்குக்குள் ஓட்டும் என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேர்வெல்லாம் இல்லை. படிவு பிளாக்குக்குள் இருக்கிறது, பிளாக்கை எங்கே கழற்றுவது? ஆசிட் மட்டுமே வழி. அவர்கள் மறக்கக் கூடாதது தெர்மோஸ்டாட், அதாவது சூடேறிய பிறகே தண்ணீருக்கு வழிவிடும் வால்வு. இந்த வகை என்ஜின்களில் உப்பும் சுண்ணாம்பும் வேகமாகப் படியாமலிருக்க அது 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே திறந்துகொள்ளும், இரட்டைச் சுற்று என்ஜின்களில் 80 டிகிரி பக்கம். எப்படியானாலும் குளிர்ந்த ஆசிட்டுக்கு அது திறக்காது. திரவம் பிளாக்குக்குள் போகாமல் பக்கவழியாக வெளியே வந்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு மூடியை மறுபடி மாட்டி, அப்புறம் சுற்றவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் எல்போவையும் கழற்றிப் பாருங்கள். புகைக்கரியும் உப்பும் சேர்ந்து அங்கே கட்டுகிற அடைப்பு ஆசிட்டுக்கு முழுசாகக் கரையாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சரைப் புதிதாக மாற்றியும் சூடு குறையவில்லை என்கிற இடங்களில் நான் முதலில் கை வைப்பது அங்கேதான். எல்போவும் சுத்தம், நீரோட்டமும் சரி, இன்னும் சூடேறுகிறது என்றால் ஆறிய என்ஜினின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். கூலன்ட்டில் விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் அது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போனதன் அடையாளம், அதற்கு வேறு ஆளைக் கூப்பிட வேண்டும்.